ஆப்பிள் மசாலா குக்கீ: தண்ணீரை வற்றவைத்தால் பாதி வேலை முடிந்தது

செப்டம்பர் மூன்றாவது வாரம் வந்துவிட்டால் டொரொன்டோவைச் சுற்றியுள்ள ஆப்பிள் தோட்டங்களில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வாசலில் காசு கொடுத்து ஒரு பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனால், மரத்திலிருந்து நாமே பறித்து நிரப்பிக்கொள்ளலாம். பறிக்கும்போது இருக்கிற உற்சாகம் வீட்டுக்கு வந்ததும் வடிந்துவிடும். எட்டு கிலோ ஆப்பிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதல் வாரம் கடித்துத் தின்போம். இரண்டாவது வாரம் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் வைத்து அனுப்புவோம், போன மாதிரியே திரும்பி வரும். மூன்றாவது வாரம்தான் குக்கீ நினைவுக்கு வரும்.

நான் முதல்முறை செய்த ஆப்பிள் குக்கீயைக் குக்கீ என்று சொல்வதே தப்பு. ஒரு ஆப்பிளைத் துருவி, அப்படியே மாவில் போட்டுப் பிசைந்தேன். ஓவனில் உப்பிக்கொண்டு வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறிய பிறகு பார்த்தால் பஞ்சு மாதிரி குட்டிக் குட்டி கேக். அடிப்பக்கம் நசநச. மறுநாள் டப்பாவைத் திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. போதாக்குறைக்குக் கிராம்புப் பொடியை ஒரு முழு டீஸ்பூன் கொட்டியிருந்தேன். "பல்லுக்கு வைக்கிற தைலம் வாசனை வருதும்மா" என்று மகள் பாதியிலேயே கீழே வைத்துவிட்டாள். கிராம்பில் உள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள்தான் பல்வலித் தைலத்திலும் இருப்பது, அதனால் அவள் மூக்கைக் குறை சொல்ல முடியவில்லை.

கிராம்புத் தவறு சின்னது, அடுத்த முறை குறைத்தால் தீர்ந்தது. தண்ணீர்தான் பெரிய விஷயம். ஆப்பிளின் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். மசால் வடைக்கு அரைக்கும்போது கை தவறி இரண்டு கரண்டி தண்ணீர் கூடினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்: தட்டவும் வராது, மொறுமொறுப்பும் வராது. குக்கீக்கும் அதே கதைதான். வதக்காத ஆப்பிளை மாவில் போட்டால், ஓவனில் சூடேறும்போது அது தண்ணீரை விடும். மாவு வறுபடுவதற்குப் பதிலாக ஆவியில் வேகும். ஆகவே ஆப்பிளை முதலில் வெண்ணெயில் வதக்கித் தண்ணீரை வற்றவைத்துவிட்டு, அதன்பிறகே மாவில் சேர்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட வேலை. மற்றதெல்லாம் சாதாரணக் குக்கீதான்.

எந்த ஆப்பிள்?

டொரொன்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துக்காரர்களைக் கேட்டால் முதலில் மெக்கின்டாஷ் என்பார்கள். அந்த ரகத்துக்குச் சொந்த ஊரே இந்த மாகாணம். 1811இல் டன்டேலா என்ற ஊரில் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி நிலத்தைத் திருத்தும்போது கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்தது. பின்னால் அவருடைய மகன் ஆலன் ஒட்டுக்கட்டிப் பரப்பினார். ஆப்பிள் கம்பெனியின் மெக்கின்டாஷ் கணினிக்கும் இந்தப் பழத்தின் பெயரைத்தான் எழுத்துக்கூட்டலை மாற்றி வைத்தார்கள். கையில் எடுத்ததும் வருகிற வாசனைக்கு அதை அடிக்க வேறு ரகம் இல்லை. ஆனால் குக்கீக்கு வேண்டாம். சூடு பட்டதும் கரைந்து கூழாகிவிடும். கூழாகிவிட்டால் துண்டு எங்கே, மாவு எங்கே என்று தெரியாது.

வெந்தாலும் உருக்குலையாத பழம் வேண்டும். நார்தர்ன் ஸ்பை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். அக்டோபர் கடைசியில் பழுக்கிற ரகம், இங்கே ஆப்பிள் பை (pie) என்கிற, பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடும் பண்டத்தைச் செய்கிறவர்கள் தேடிப்போய் வாங்குவது அதைத்தான். அது கிடைக்காதபோது பச்சைத்தோல் கிரானி ஸ்மித். புளிப்பு தூக்கலாக இருப்பதால் சர்க்கரைக்கு ஈடுகொடுக்கும், எல்லா ஊரிலும் எல்லா மாதமும் கிடைக்கும். ஹனிகிரிஸ்ப்பும் உருக்குலையாது, ஆனால் விலையைப் பார்த்தால் அதைக் கடித்துத் தின்பதுதான் நியாயம் என்று தோன்றும்.

சென்னையிலோ மதுரையிலோ இருந்து படிக்கிறவர்களுக்கு: ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இமாசல, காஷ்மீர் ஆப்பிள் புதிதாக வரும். விரலால் அழுத்தினால் குழி விழாத, கொஞ்சம் புளிப்புள்ள பழமாகப் பாருங்கள். வெறும் இனிப்பாக இருந்தால் வதக்கும்போது அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். மாவு மாவாக இருக்கிற பழைய பழம் எதற்கும் உதவாது.

தேவையானவை

இந்த அளவுக்கு இருபது குக்கீ வரும். கிராம் கணக்கில்தான் சொல்லியிருக்கிறேன். கப்பில் மைதாவை அமுக்கி அள்ளினால் ஒரு அளவு, தூவி நிரப்பினால் ஒரு அளவு. சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆப்பிளுக்கு: தோல் சீவி நறுக்கிய ஆப்பிள் 300 கிராம் (நடுத்தரப் பழம் இரண்டு), வெண்ணெய் 15 கிராம்.

மாவுக்கு: உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 130 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், மைதா 160 கிராம், ரோல்டு ஓட்ஸ் 90 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக.

மசாலாவுக்கு: பட்டைப் பொடி ஒன்றரை டீஸ்பூன், சுக்குப் பொடி அரை டீஸ்பூன், துருவிய ஜாதிக்காய் கால் டீஸ்பூன், ஏலப்பொடி கால் டீஸ்பூன், கிராம்புப் பொடி இரண்டு சிட்டிகை. இரண்டே சிட்டிகை.

பொருள்களைப் பற்றிச் சில வார்த்தை.

முட்டையின் வெள்ளைக் கருவை ஏன் விட்டுவிடுகிறோம் என்றால், அதில் பெரும்பகுதி தண்ணீர். அதற்கு உப்பவைக்கும் குணமும் உண்டு. ஆப்பிளோடு மல்லுக்கட்டுகிற இடத்தில் அது தேவையில்லை. மஞ்சள் கரு மட்டும் போட்டால் குக்கீ அடர்த்தியாக, மெல்லும்போது இழுவையாக வரும்.

பிரவுன் சுகர் என்பது வெள்ளைச் சர்க்கரையில் மொலாசஸ் (கரும்புச் சாற்றில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு) கலந்தது. மொலாசஸில் லேசான அமிலம் இருப்பதால்தான் சமையல் சோடா இங்கே வேலை செய்கிறது. பிரவுன் சுகர் இல்லாதவர்கள் நாட்டுச் சர்க்கரை போடலாம். சலித்துவிட்டுப் போடுங்கள், கட்டி கரையாமல் நின்றால் அந்த இடம் கருகும். ருசி கொஞ்சம் வெல்லப் பக்கம் சாயும். எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது.

ஓட்ஸ் மிச்சமீதி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தட்டையான ரோல்டு ஓட்ஸ்தான் வேண்டும். உடனடி ஓட்ஸ் சீக்கிரம் குழைந்துவிடும்.

பட்டையில் இரண்டு வகை. இங்கே சூப்பர்மார்க்கெட்டில் சின்னமன் என்று பொடியாக விற்பது பெரும்பாலும் காசியா என்கிற தடித்த பட்டை. காரம் தூக்கலாக, நெடி ஏறும். டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலுள்ள இலங்கைக் கடைகளில் மெல்லிய தாள்போலச் சுருண்ட இலங்கைப் பட்டை கிடைக்கும். எங்கள் கட்டடத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா அதைக் கறுவா என்பார், மற்றதைப் பட்டை என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார். பாயசத்துக்கோ பாலுக்கோ என்றால் நானும் அவர் கட்சிதான். குக்கீயில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து மசாலாவை அமுக்கப் பார்க்கும் என்பதால் காசியாவின் முரட்டுத்தனம் உதவுகிறது. நான் ஒரு டீஸ்பூன் காசியா, அரை டீஸ்பூன் கறுவா என்று கலந்து போடுகிறேன்.

கடையில் ஆப்பிள் பை ஸ்பைஸ் என்று டப்பாவில் வருவதில் பட்டை, ஜாதிக்காய், ஆல்ஸ்பைஸ் (கிராம்பு வாசனையுள்ள ஒரு உலர்ந்த காய்) இந்த மூன்றும்தான் வழக்கமாக இருக்கும். ஏலக்காயும் சில டப்பாவில் உண்டு. மசாலாப் பெட்டி இருக்கிற வீட்டில் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஜாதிக்காயை மட்டும் முழுதாக வாங்கி அவ்வப்போது துருவிக்கொள்ளுங்கள். பொடியாக வாங்கியது இரண்டே மாதத்தில் மரத்தூள் போல ஆகிவிடுகிறது.

ஆப்பிளை வதக்குவது

இங்கேதான் பொறுமை வேண்டும். ஆப்பிளைத் தோல் சீவி, நடுவிலுள்ள விதைப்பகுதியை எடுத்துவிட்டு, பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். துருவ வேண்டாம், துருவினால் வதங்கி நாராகிவிடும். நறுக்கும்போதே பழுப்பேறும். கவலைப்பட ஒன்றுமில்லை, எப்படியும் பழுப்பாகப்போகிற பண்டம்தானே.

அகலமான வாணலியை மிதமான தீயில் வைத்து 15 கிராம் வெண்ணெயைப் போடுங்கள். உருகியதும் ஆப்பிளைக் கொட்டி ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பரப்பிவிடுங்கள். மூடி போடக் கூடாது. மூடினால் ஆவி உள்ளேயே நின்று, வற்றவேண்டிய தண்ணீர் மறுபடி சொட்டும்.

முதல் நான்கைந்து நிமிடம் வாணலியில் தண்ணீர் தளதளவென்று தெரியும். இது என்ன, ரசம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் அடங்கி, எண்ணெயில் வறுபடுகிற சடசடப்பு கேட்கும். தண்ணீர் போய்விட்டது, இப்போது வெண்ணெயில் வதங்குகிறது என்று அர்த்தம். இதற்குமேல் அங்கிருந்து நகரக் கூடாது. துண்டுகளின் ஓரம் பொன்னிறமாகி, கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டில் ஈரம் ஊறி வராமல் இருக்க வேண்டும். மொத்தம் 12 முதல் 15 நிமிடம் ஆகும். 300 கிராம் ஆப்பிள் 150 கிராம் அளவுக்கு வந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் தராசில் வைத்துப் பாருங்கள்.

அடுப்பை அணைத்ததும், சூடு இருக்கும்போதே மசாலாப் பொடியில் பாதியை வாணலியில் தூவிக் கிளறுங்கள். இங்கத்தியச் சமையல் குறிப்புகளில் மசாலா முழுவதையும் மைதாவோடு சலித்துப் போடச் சொல்வார்கள். தாளித்துப் பழகிய நமக்கு அதில் மனசு ஒப்பாது. மசாலாவின் வாசனைப் பொருள்கள் கொழுப்பில் கரைபவை, சூடான வெண்ணெய் பட்டால் நன்றாக விரியும். முப்பது நொடி போதும், தீயை எரியவிட்டுச் செய்தால் பொடி கருகிக் கசக்கும்.

இதை ஒரு தட்டில் பரப்பி முழுக்க ஆறவையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால்கூட மாவிலுள்ள வெண்ணெயை உருக்கிவிடும். அவசரமென்றால் ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம்.

மாவு

115 கிராம் வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழி விழுகிற பதத்தில் இருக்க வேண்டும், பளபளவென்று எண்ணெய் விட்டிருக்கக் கூடாது. அக்டோபரில் இங்கே வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியில் வைத்தாலும் கல்லாகத்தான் இருக்கும். சென்னையில் பதினைந்து நிமிடத்தில் இளகிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் விரலை நம்புங்கள்.

வெண்ணெயையும் இரண்டு சர்க்கரையையும் இரண்டு நிமிடம் அடியுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல வெளுத்து நுரைக்கிற வரைக்கும் போக வேண்டாம், காற்று அதிகமாகச் சேர்ந்தால் உப்பி அமுங்கும். மஞ்சள் கரு, வெனிலா சேர்த்து இன்னும் அரை நிமிடம்.

வேறொரு பாத்திரத்தில் மைதா, சோடா, உப்பு, மிச்ச மசாலா எல்லாவற்றையும் சலித்துக் கலந்து, வெண்ணெய்க் கலவையில் கொட்டுங்கள். இனி மெஷின் வேண்டாம், மரக்கரண்டி போதும். வெள்ளை மாவு பாதி தெரிகிறபோதே ஓட்ஸையும் ஆறிய ஆப்பிளையும் போட்டுப் புரட்டுங்கள். மாவு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோலப் பிசைந்தால் பசைத்தன்மை கூடிக் குக்கீ இறுகும். கையில் ஒட்டுகிற மாதிரி தளர்வாகத்தான் இருக்கும். பயந்துபோய் இன்னும் மைதா போட்டுவிடாதீர்கள்.

மூடி, ஃப்ரிட்ஜில் குறைந்தது 45 நிமிடம் வையுங்கள். வெண்ணெய் இறுகும், ஓட்ஸ் ஈரத்தைக் குடிக்கும். ஒரு ராத்திரி முழுக்க வைத்தால் மசாலா இன்னும் நன்றாக இறங்கும். நான் சனிக்கிழமை ராத்திரி கலந்து வைத்துவிட்டு ஞாயிறு காலையில் சுடுவது வழக்கம்.

பச்சை மாவைச் சுரண்டித் தின்கிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள். முட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

சுடுவது

ஓவனை 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். ஃபாரன்ஹீட் கணக்கில் 350. விசிறி உள்ள ஓவன் என்றால் 160 போதும். ஓவன் சொல்கிற சூடும் உள்ளே இருக்கிற சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். என் பழைய ஓவன் பதினைந்து டிகிரி கூடவே காய்ந்துகொண்டிருந்தது, இரண்டு வருஷம் அடி கருகியதற்கெல்லாம் ட்ரேயைத் திட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே தொங்கவிடுகிற சின்ன வெப்பமானி வாங்கிய பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

ட்ரேயில் பேக்கிங் தாளை விரித்து, மாவை 35 கிராம் உருண்டைகளாக, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, இரண்டு அங்குல இடைவெளி விட்டு வையுங்கள். உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிடுங்கள். ஆப்பிள் சேர்த்த மாவு தானாக அதிகம் பரவாது, தட்டாமல் விட்டால் உருண்டையாகவே வெந்து நடுவில் பச்சையாக நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக ஓவனில் தள்ளாதீர்கள். முதலில் ஒன்றே ஒன்றைச் சுட்டுப் பாருங்கள். தோசை ஊற்றும்போது முதல் தோசை கல்லுக்கு என்று விடுவதில்லையா, அதுபோல. தட்டையாக ஓடிவிட்டால் மிச்ச மாவில் ஒரு மேசைக்கரண்டி மைதா சேருங்கள், அல்லது இன்னும் அரை மணி நேரம் குளிரவிடுங்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தால் அடுத்தவற்றை இன்னும் கொஞ்சம் தட்டி வையுங்கள். ஒரு குக்கீ போனால் போகட்டும், பத்தொன்பது தப்பிக்கும்.

நடு அடுக்கில், ஒரு நேரத்தில் ஒரு ட்ரே, 11 முதல் 13 நிமிடம். ஓரம் பொன்னிறமாக இருக்கும்போது நடுப்பகுதி இன்னும் வேகாதது மாதிரி மெத்தென்று தெரியும். அப்போதே எடுத்துவிட வேண்டும். ட்ரேயின் சூட்டில் அது வெந்து முடியும். நடுவும் இறுகிய பிறகு எடுத்தால் ஆறியதும் வரட்டியாகிவிடும். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ட்ரேயிலேயே இருக்கட்டும், சூட்டோடு தூக்கினால் உடையும். அப்புறம் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். தட்டையான தட்டில் அடுக்கினால் அடியில் வேர்த்து, இவ்வளவு நேரம் போராடி விரட்டிய ஈரம் திரும்ப வந்துவிடும்.

மேலே பூச்சு வேண்டும் என்கிறவர்களுக்கு

இந்தப் பருவத்தில் தோட்டங்களில் வடிகட்டாத ஆப்பிள் சாற்றை சைடர் என்று விற்பார்கள். இது போதை தருகிற சைடர் இல்லை, கலங்கலான பழச்சாறுதான். ஒரு கப், அதாவது 240 மில்லி, சின்னப் பாத்திரத்தில் ஊற்றி இரண்டு மேசைக்கரண்டியாக வற்றும்வரை காய்ச்சுங்கள். பாகு மாதிரி, புளியும் இனிப்புமாக வரும். ஆறியதும் 100 கிராம் ஐசிங் சுகரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஆறிய குக்கீ மேல் கரண்டியால் கோடு கோடாக விடுங்கள். நான் விருந்தாளிகள் வரும்போது மட்டும்தான் இதைச் செய்கிறேன். தினப்படி டீயோடு தின்ன, பூச்சில்லாததுதான் எனக்குச் சரி.

முட்டை வேண்டாமென்றால்

மஞ்சள் கருவுக்குப் பதிலாக ஒன்றரை மேசைக்கரண்டி பால் விடுங்கள். ஆப்பிள் கூழ் போடலாம் என்று பலர் சொல்வார்கள், இந்தக் குக்கீயில் அது தண்ணீரைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுகிற வேலை. பால் விட்ட குக்கீ கொஞ்சம் பொலபொலவென்று இருக்கும், ஆறும்வரை கை வைக்காதீர்கள்.

எத்தனை நாள் இருக்கும்?

சுட்ட அன்றைக்கு ஓரம் மொறுமொறு, நடு மெத்து. மறுநாள் ஆப்பிளின் ஈரம் மெல்ல மாவுக்குப் பரவி முழுக்க மெத்தென்று ஆகிவிடும். வாசனை என்னவோ இரண்டாம் நாள்தான் கூடுதல். காற்றுப் புகாத டப்பாவில் வெளியே இரண்டு நாள், ஃப்ரிட்ஜில் ஐந்தாறு நாள். நம் ஊர் வெயிலில் வெளியே ஒரு நாளுக்குமேல் வைக்க வேண்டாம். மொறுமொறுப்பு திரும்ப வேண்டுமானால் 150 டிகிரி ஓவனில் நான்கு நிமிடம் காட்டுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகும்.

கனடாவில் நன்றி நவிலும் நாள் அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை, அமெரிக்காவைப்போல நவம்பரில் இல்லை. அந்த நீண்ட வார இறுதிக்காக நான் இரண்டு மடங்கு மாவு கலந்து, பாதியை உருண்டை பிடித்துத் தட்டிவிட்டு, ட்ரேயில் ஃப்ரீசரில் இறுகவைத்துப் பையில் போட்டுவிடுகிறேன். இரண்டு மாதம் தாங்கும். உருகவிடாமல் அப்படியே ட்ரேயில் வைத்து, வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும். பையின் மேல் என்னவென்று எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் போன வருஷம் அதை மசால் வடை என்று நினைத்து ஒருவர் எண்ணெயில் போடப் பார்த்தார்.